காவலர் பணியிடக் குறைப்பை எதிர்ப்பது எப்படி? அமெரிக்கச் சிறு நகரவாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

வாக்கெடுப்பு நடக்கும் இரவில் நகர மன்ற அரங்கை நிரப்பிவிட்டால் காவலர் குறைப்பு நின்றுவிடும் என்று நம்பி வருகிறவர்களை ஒவ்வொரு பட்ஜெட் பருவத்திலும் பார்க்கிறேன். உருக்கமாகப் பேசுகிறார்கள், கைதட்டல் வாங்குகிறார்கள். மன்றம் நன்றி சொல்லிவிட்டுக் குறைப்பை நிறைவேற்றுகிறது. எந்த உறுப்பினர் எப்படி வாக்களிப்பார் என்பது அதற்குச் சில வாரங்கள் முன்பே தீர்மானமாகியிருக்கும்.

சொந்தமாகக் காவல் துறை வைத்திருக்கும் அமெரிக்கச் சிறு நகரங்களுக்காக இதை எழுதுகிறேன். அந்நாட்டின் உள்ளூர்க் காவல் துறைகளில் ஏறக்குறைய பாதி, பத்துக்கும் குறைவான காவலர்களைக் கொண்டவை. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பணியிடங்கள் போனாலும் இரவு ரோந்தின் அமைப்பே மாறிவிடும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், குறிப்பிட்ட விதியைச் சொல்லும் இடத்தில் மாநிலத்தின் பெயரையும் சொல்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நடப்பு ஆண்டின் பட்ஜெட் புத்தகம், முந்தைய மூன்று ஆண்டுகளின் பட்ஜெட் புத்தகங்கள், காவலர் சங்கத்துடன் நகரம் செய்துகொண்ட ஊதிய ஒப்பந்தம், மன்றக் கூட்ட நாட்காட்டி. பெரும்பாலான நகரங்களில் இவை நான்கும் நகர இணையதளத்திலேயே கிடைக்கும். கூடவே விரிதாளில் கூட்டிக் கழிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். மேடைப் பேச்சாளரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

1. எந்த வகைக் குறைப்பு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"ஆறு காவலர்களைக் குறைக்கிறார்கள்" என்ற செய்தி நான்கு வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கலாம். காலியிடங்களை நிரப்பாமல் நிறுத்திவைப்பது ஒன்று. காலியிடங்களைப் பட்டியலிலிருந்தே நீக்குவது இரண்டாவது. பணியில் இருப்பவர்களை வெளியேற்றுவது மூன்றாவது. துறையையே மூடிவிட்டு மாவட்டக் காவல் அமைப்பான ஷெரிஃப் அலுவலகத்துடன் ஒப்பந்தம் போடுவது நான்காவது. ஒன்றுக்குரிய வாதம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. யாரும் வேலை இழக்காத இடத்தில் "காவலர் குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன" என்று பேசினால், உங்கள் அடுத்த வாக்கியத்தை எவரும் நம்பமாட்டார்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இரண்டாவது வகையில். "காலியாகக் கிடக்கும் இடத்தைத்தானே நீக்குகிறோம், எவருக்கும் பாதிப்பில்லை" என்று நிர்வாகம் சொல்லும். நியாயமாகத் தோன்றும். ஆனால் பல நகரங்களில், காலியிடத்துக்கு ஒதுக்கிய சம்பளப் பணத்தில்தான் மற்றவர்களின் ஓவர்டைம் கட்டப்படுகிறது. ஷிப்டில் ஆள் குறைந்தால் இருப்பவர் கூடுதல் நேரம் நிற்பார், அதற்கான பணம் அந்தக் காலியிடத்திலிருந்து வரும். இடத்தை நீக்கினால் அந்தப் பணமும் போகிறது. ஆகவே பட்ஜெட் புத்தகத்தில் ஓவர்டைம் ஒதுக்கீட்டைத் தேடுங்கள். காலியிடங்களை நீக்கிவிட்டு ஓவர்டைம் ஒதுக்கீட்டை உயர்த்தாமல் விட்டிருந்தால், உங்கள் முதல் வாதம் கிடைத்துவிட்டது.

மூன்றாவது வகையில் ஊதிய ஒப்பந்தத்தைப் படியுங்கள். வெளியேற்றும் வரிசை பெரும்பாலும் பணிமூப்பின்படி இருக்கும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார். நகரம் செலவழித்துப் பயிற்சி கொடுத்த இளையவர்கள் அப்படியே பக்கத்து நகரத்துக்குப் போய்ச் சேர்வார்கள்.

2. நாட்காட்டியைப் பின்னோக்கி எழுதுங்கள்

கலிஃபோர்னியா நகரங்களில் நிதியாண்டு பொதுவாக ஜூலை 1-இல் தொடங்குகிறது. டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் பெரும்பாலும் அக்டோபர் 1. வாஷிங்டன் மாநிலத்தில் ஜனவரி 1. உங்கள் நகரத்தின் தொடக்க நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் வாருங்கள்: இறுதி வாக்கெடுப்பு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு, பட்ஜெட் பயிலரங்கம், மன்றம் நியமிக்கும் நிர்வாகத் தலைவரான நகர மேலாளரின் வரைவு, துறைத் தலைவர்கள் அவருக்குக் கொடுக்கும் குறைப்புப் பட்டியல்.

கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பற்றாக்குறை தெரிந்ததும் ஒவ்வொரு துறையும் இத்தனை விழுக்காடு குறைத்துக் காட்ட வேண்டும் என்று நகர மேலாளர் கேட்பார். காவல் தலைவரும் ஒரு பட்டியல் கொடுப்பார். எதை முதலில் விடலாம், எதைக் கடைசிவரை விடக்கூடாது என்ற வரிசை அதில் இருக்கும். அந்தப் பட்டியல் எழுதப்படும் காலத்தில் நீங்கள் உள்ளே வந்தால் பாதி வேலை மிச்சம். வரைவு அச்சான பிறகு வந்தால், ஏற்கெனவே கூட்டல் சரியான ஒரு தாளைக் கலைக்கச் சொல்கிறீர்கள், அதற்கு யாருக்கும் மனம் வராது.

நிகழ்ச்சி நிரலைக் கவனிக்க ஒருவரை நியமியுங்கள். கலிஃபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டமான பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரல் வெளியாக வேண்டும். விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றப்படும் 'ஒப்புதல் பட்டியல்' பகுதியையும் வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். பணியிட எண்ணிக்கையில் செய்யும் மாற்றங்கள் சில சமயம் ஊதிய அட்டவணைத் திருத்தம் என்ற சலிப்பூட்டும் தலைப்பில் அங்கே ஒதுங்கியிருக்கும். அதை விவாதத்துக்குத் தனியே எடுக்கும்படி ஓர் உறுப்பினரிடம் கூட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஆவணக் கோரிக்கையை முதல் வாரத்திலேயே அனுப்புங்கள்

மத்திய அரசின் தகவல் சுதந்திரச் சட்டத்தைச் சுட்டி நகரத்துக்குக் கடிதம் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தச் சட்டம் மத்திய அரசு அமைப்புகளுக்கு மட்டுமே உரியது. நகரத்துக்கு உங்கள் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம்தான் பொருந்தும். கலிஃபோர்னியாவில் 10 நாட்களுக்குள்ளும் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் 5 வேலை நாட்களுக்குள்ளும் முதல் பதில் வர வேண்டும். அது முதல் பதில் மட்டுமே, ஆவணம் கைக்கு வர இன்னும் வாரங்கள் ஆகலாம். அதனால்தான் முதல் வாரத்திலேயே அனுப்பச் சொல்கிறேன்.

"காவலர் எண்ணிக்கை தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களைத் தேட வேண்டும் என்று கால நீட்டிப்பு கேட்பார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: மூன்று ஆண்டுகளுக்கு மாதவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரம்பியவை, களத்தில் இறங்கக்கூடியவர்கள், ஷிப்டுவாரியாகக் குறைந்தபட்ச ஆள் விதி, ஓவர்டைம் மணிநேரம், 911 அவசர எண்ணுக்கு வந்த அழைப்புகளின் முன்னுரிமைவாரி எண்ணிக்கை, அவசர அழைப்புகளுக்கு வந்துசேர்ந்த நேரம்.

வந்துசேர்ந்த நேரத்தைக் கேட்கும்போது சராசரியோடு நிற்காதீர்கள். இடைநிலை அளவையும் (எல்லா நேரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் வந்துசேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சராசரி அமைதியாக இருக்கும்போதே அந்தப் பத்தாவது அழைப்பு மிக மோசமாக இருக்கலாம். கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். தொலைபேசி எடுக்கப்பட்ட நொடியிலிருந்தா, வண்டி ஒதுக்கப்பட்ட நொடியிலிருந்தா? ஆள் இல்லாதபோது அழைப்பு வரிசையில் காத்திருக்கும் நேரம் முதல் கணக்கில்தான் தெரியும்.

4. தலைகளை ரோந்து வண்டிகளாக மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். ஒரு காவலர் வாரம் 40 மணி என்று ஆண்டுக்கு 2,080 மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிறார். விடுப்பு, நோய், பயிற்சி, நீதிமன்றச் சாட்சியம் எல்லாம் கழிந்தால் தெருவில் கிடைப்பது 1,700 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நகரத்தின் சரியான எண் நீங்கள் கேட்ட ஆவணத்தில் கிடைக்கும். 8,760-ஐ 1,700-ஆல் வகுத்தால் ஐந்துக்குச் சற்று மேல். இரவும் பகலும் ஒரே ஒரு காவலர் ரோந்தில் இருக்க ஐந்து பேரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும்.

ஆகவே "ஐந்து பணியிடங்கள்" என்றால், ஆண்டு முழுவதும் நகரத்தில் ஓடும் ஒரு ரோந்து வண்டி. இரவில் மூன்று வண்டிகள் ஓடும் ஊரில் அது மூன்றில் ஒரு பங்கு. ஒரு வண்டி குடும்பச் சண்டை அழைப்புக்குப் போகிறது. அப்படிப்பட்ட அழைப்புக்குத் துணை இல்லாமல் போவது ஆபத்து என்பதால் இரண்டாவது வண்டியும் போகிறது. அதோடு நகரம் காலி. மன்ற உறுப்பினருக்கு இந்தக் கணக்கு முன்பு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பட்ஜெட் புத்தகத்தில் தலைகளும் டாலர்களும்தான் இருக்கும், வண்டிகள் இருக்காது.

அடுத்து மூன்று எண்களைப் பிரித்துக் காட்டுங்கள். அனுமதி 40, நிரம்பியது 35, இதில் காயம், பயிற்சிக் கல்லூரி, நீண்ட விடுப்பு போனால் களத்தில் 30 என்று ஓர் உதாரணம். "40-இலிருந்து 36 ஆக்குகிறோம்" என்று நிர்வாகம் சொல்லும்போது, களத்தில் இருப்பது ஏற்கெனவே 30 என்று நீங்கள் காட்ட முடிய வேண்டும். அந்த முப்பதிலும் தலைவர், துப்பறிவாளர், பள்ளிக் காவலர் எல்லாம் அடக்கம்.

இந்தக் கட்டத்தில் மூன்று பிழைகளைத் தவிருங்கள்.

ஆயிரம் பேருக்கு இத்தனை காவலர் என்ற விகிதத்தைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். காவல் தலைவர்களின் சர்வதேச சங்கமே, ஆள்பலத்தைத் தீர்மானிக்க அந்த விகிதம் தகுந்த அடிப்படை அல்ல என்கிறது. பக்கத்து நகரத்தின் விகிதம் உங்களுடையதைவிடக் குறைவாக இருந்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

சிறிய எண்களுக்கு விழுக்காடு போடாதீர்கள். இரண்டு கொலை நான்கானால் நூறு விழுக்காடு உயர்வுதான். ஆனால் அதைச் சொல்கிறவர் பயமுறுத்துகிறவர் என்று பெயர் வாங்குவார். எஃப்.பி.ஐ. தரவில் 2021-ஐ அடுத்த ஆண்டுகளோடு ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. அந்த ஆண்டு புதிய பதிவுமுறைக்கு மாறியதால் பல துறைகளின் கணக்கு விடுபட்டுப்போனது. உங்கள் துறையின் சொந்தப் பதிவையே நம்புங்கள்.

"வண்டி அதிகம் சுற்றினால் குற்றம் குறையும்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். படித்த எதிர்தரப்பு, 1972-73-இல் நடந்த கன்சாஸ் சிட்டி ரோந்துச் சோதனையை எடுத்துவைக்கும். வழக்கமான சுற்று ரோந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் குற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பது அதன் முடிவு. அவசர அழைப்புக்கு வரும் நேரம், துணை வண்டி, வழக்கு விசாரணை ஆகிய மூன்றோடு நின்றுகொள்ளுங்கள். அவை உங்கள் ஆவணங்களே நிரூபிக்கக்கூடியவை.

5. சேமிப்புக் கணக்கைச் சோதியுங்கள்

ஒரு பணியிடத்துக்கு நகரம் சொல்லும் சேமிப்பு, முழுச் சம்பளமும் சலுகைகளும் சேர்ந்த தொகையாக இருக்கும். முதல் ஆண்டில் அவ்வளவு மிஞ்சாது. வெளியேறுகிறவருக்குச் சேர்ந்துள்ள விடுப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். பல நகரங்கள் வேலையின்மை உதவித்தொகையைத் தங்கள் கையிலிருந்தே திருப்பிக் கட்டுகின்றன. ஓய்வூதிய நிதியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பற்றாக்குறைக்கான தவணை, ஆள் குறைந்தாலும் குறையாது. இருப்பவர்களின் ஓவர்டைம் கூடும். நான்கையும் கழித்து நிகரத் தொகையைக் கேளுங்கள்.

உள்ளூர்க் காவலரை வேலைக்கு எடுக்க மத்திய நீதித் துறை தரும் காப்ஸ் (COPS) ஆட்சேர்ப்பு மானியத்தில் ஏதாவது பணியிடம் நடக்கிறதா என்றும் கேளுங்கள். மானியக் காலம் முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதம் அந்தப் பணியிடத்தைத் தக்கவைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உள்ளூர்ப் பணத்தை எடுத்துவிட்டு மானியத்தால் அந்த இடத்தை நிரப்பவும் கூடாது. இதை நிதி அலுவலர் கவனிக்காமல் விட்டிருந்தால், ஒரு கேள்வியே வரைவைத் திருப்பி அனுப்பும்.

திரும்பப் பெற ஆகும் காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். விண்ணப்பம், பின்னணி விசாரணை, பல மாதப் பயிற்சிக் கல்லூரி, அதன்பின் மூத்தவருடன் களப்பயிற்சி. இன்று நீக்கிய இடத்துக்கு அடுத்த ஆண்டு பணம் வந்தாலும், தனியாக வண்டி ஓட்டும் காவலர் கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆகும்.

6. மாற்றுப் பணத்தோடு போங்கள்

"குறைக்காதீர்கள்" என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. சட்டப்படி நகர பட்ஜெட் சமப்பட வேண்டும். உங்களுக்குக் கொடுத்தால் நூலகத்திலிருந்தோ பூங்காவிலிருந்தோ எடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறவரை உறுப்பினர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

முதலில் பற்றாக்குறை எப்படி வந்தது என்று பாருங்கள். 2021-இன் அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியப் பணத்தைச் சில நகரங்கள் நிரந்தரச் சம்பளங்களுக்குப் பயன்படுத்தின. அந்தப் பணத்தை 2024 டிசம்பர் 31-க்குள் ஒதுக்கி, 2026 டிசம்பர் 31-க்குள் செலவழித்து முடிக்க வேண்டும். அங்கிருந்து பள்ளம் விழுந்திருந்தால் அது ஓராண்டுச் சிக்கல் அல்ல, கையிருப்பு நிதியால் அதை மூட முடியாது.

கையிருப்பைப் பற்றிப் பேசுவதானால் அளவோடு பேசுங்கள். அரசு நிதி அலுவலர் சங்கம், பொது நிதியில் குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கு நிகரான கையிருப்பைப் பரிந்துரைக்கிறது. உங்கள் நகரத்தில் அதைவிட அதிகம் இருந்தால், ஓராண்டுக்குப் பாலமாக ஒரு பகுதியை எடுக்கச் சொல்லலாம். நிரந்தரச் சம்பளத்தை ஒருமுறைப் பணத்தால் கட்டச் சொன்னால் நிதி அலுவலர் ஒரே வரியில் உங்களை முடித்துவிடுவார், அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

மற்ற வழிகள்: வண்டி மாற்றும் திட்டத்தை ஓராண்டு தள்ளுவது, அறிக்கை எழுதுவது போன்ற பணிகளைக் குறைந்த ஊதியச் சிவில் ஊழியருக்கு மாற்றிக் காவலர்களைத் தெருவுக்கு விடுவிப்பது, காவல் துறைக்குள்ளேயே ரோந்து அல்லாத ஒரு பதவியை விட்டுக்கொடுப்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு உங்கள் ஆதரவாளர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஊசலாடும் உறுப்பினர் உங்களை நம்பத் தொடங்குவது அங்கேதான்.

7. சரியான ஆட்களைச் சேருங்கள்

காவலர் சங்கம் உங்கள் இயல்பான கூட்டாளி. அவர்களிடம் தகவல் வாங்குங்கள், ஆனால் அவர்களுக்கு முன்னால் நீங்கள் நில்லுங்கள். சங்கம் முன்னால் வந்தால் விஷயம் ஊதியப் பேரமாக மாறிவிடும்.

கடைக்காரர்கள், பள்ளிப் பெற்றோர், முதியோர் இல்ல நிர்வாகிகள், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவுகிறவர்கள் வேண்டும். காவல் துறையை எப்போதும் புகழ்கிறவர்கள் பத்துப் பேரைவிட, அதை விமர்சித்தபடியே "ஆனால் இரவு ஷிப்டைத் தொடாதீர்கள்" என்கிற ஒருவர் அதிக எடையுள்ளவர். மனநல அழைப்புகளுக்குக் காவலர் அல்லாதவரை அனுப்ப வேண்டும் என்பவர்களிடமும் பேசுங்கள். அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வரும் முன்பே ஆளைக் குறைக்கக் கூடாது என்பதில் பலர் உங்களோடு உடன்படுவார்கள்.

காவல் தலைவரைப் பொதுவில் எதிர்த்துப் பேசச் சொல்லி நெருக்காதீர்கள். நகர மேலாளர் முறை உள்ள ஊரில் அவர் மேலாளருக்குக் கீழ்ப்பட்டவர், வரைவைத் தாங்கிப் பேச வேண்டியது அவர் கடமை. அதற்குப் பதிலாக, "இந்தக் குறைப்புக்குப் பின் சனிக்கிழமை இரவு எத்தனை வண்டிகள் இருக்கும்?" என்று ஒரு மன்ற உறுப்பினர் திறந்த கூட்டத்தில் அவரிடம் கேட்கும்படி செய்யுங்கள். கேட்டால் அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பதிவில் ஏறும்.

8. உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தியுங்கள்

ஐவர் மன்றத்தில் மூன்று வாக்கு, எழுவர் மன்றத்தில் நான்கு. உறுதியான ஆதரவையும் உறுதியான எதிர்ப்பையும் ஓரமாக வைத்துவிட்டு நடுவில் இருப்பவர்களிடம் நேரம் செலவழியுங்கள். ஒரே ஒரு பக்கத் தாள் போதும்: வண்டிக் கணக்கு, நிகரச் சேமிப்பு, மாற்றுப் பணம், நீங்கள் கேட்கும் துல்லியமான திருத்தம்.

ஓர் உறுப்பினர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் செல்லாதீர்கள். "அவர் சம்மதித்துவிட்டார், நீங்களும் வந்தால் பெரும்பான்மை" என்று தூது போவது, கலிஃபோர்னியாவில் பிரவுன் சட்டம் தடுக்கும் தொடர் கூட்டமாக, அதாவது பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒருவர் வழியாக ஒருவர் மறைமுகமாகக் கலந்துபேசுவதாக, முடியலாம். வேறு பல மாநிலங்களின் திறந்த கூட்டச் சட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. மாட்டிக்கொள்வது உங்கள் ஆதரவு உறுப்பினராகத்தான் இருப்பார்.

9. அரங்கில் பேசும் மூன்று நிமிடம்

மூன்று நிமிடம் என்று அறிவித்திருந்தாலும் கூட்டம் அதிகமானால் தலைவர் இரண்டாகவோ ஒன்றாகவோ குறைப்பார். எல்லோரும் ஒரு நிமிடப் பேச்சையும் தயாராக வைத்திருங்கள். எழுத்து வடிவக் கருத்தை நிரல் தொகுப்பில் சேரும் கெடுவுக்கு முன்பே அனுப்புங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு வரும் மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை.

பேச்சாளர்களிடையே பொருளைப் பங்கிடுங்கள். ஒருவர் வண்டிக் கணக்கு, ஒருவர் சேமிப்பு, ஒருவர் தனக்கு நேர்ந்த ஓர் அழைப்பு. இருபது பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் மூன்றாவது ஆளுக்குப் பிறகு மன்றம் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஒவ்வொருவரும் கடைசி வாக்கியத்தில் ஒரே திருத்தத்தைச் சொல்லட்டும்: எந்தப் பணியிடங்கள், எந்த நிதியிலிருந்து.

நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத்தை இழுக்காமலிருப்பது நல்லது. 2011 ஜனவரியில் அங்கே காவலர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நீக்கப்பட்டனர் என்பது உண்மை. ஆனால் 2013-இல் நகரத் துறை கலைக்கப்பட்டு மாவட்டத் துறை பொறுப்பேற்ற பிறகு குற்றம் குறைந்ததை எதிர்தரப்பு எடுத்துச் சொல்லும். உங்கள் ஒரு நிமிடம் நியூ ஜெர்சி விவாதத்தில் கரைந்துபோகும்.

பட்ஜெட் பொருள் பெரும்பாலும் இரவு வெகுநேரம் கழித்தே வரும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்தவர்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். கடைசிவரை இருக்கக்கூடியவர்கள் யார் என்று முன்பே கேட்டுவையுங்கள்.

10. வாக்கெடுப்புக்குப் பிறகு

தோற்றால், நடுவாண்டு பட்ஜெட் மறுஆய்வின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனை வரி வருவாய் மதிப்பீட்டைத் தாண்டினால் பணியிடங்கள் மீளும் என்ற நிபந்தனைத் தீர்மானத்தை அதே இரவில் முன்மொழியும்படி ஓர் உறுப்பினரிடம் கேட்கலாம். வாக்களித்த மறுகணம் குற்ற உணர்வு இருக்கும், அடுத்த வாரம் இருக்காது.

வென்றாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். பணியிடத்தைப் பட்ஜெட்டில் வைத்துவிட்டு ஆளை நிரப்பாமலே ஆண்டை ஓட்டுவது நிர்வாகத்துக்குத் தெரிந்த பழைய வழி. அனுமதி, நிரம்பியது, களத்தில் இருப்பவர் என்ற மூன்று எண்களையும் காலாண்டுக்கு ஒருமுறை மன்றத்தில் தாக்கல் செய்யும்படி தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். முதல் அறிக்கை எந்தக் கூட்டத்தில் வரும் என்ற தேதியும் அதில் இருக்க வேண்டும்.